ரெட்டிங் காம்பெடிஷன் சீட்டிங் டை: இந்த விலை கொடுக்கலாமா?

தோட்டாவை வீட்டில் தாங்களே செய்கிறவர்கள் பித்தளைக் கூட்டின் வாயில் புல்லட்டைச் சரியான ஆழத்துக்கு இறக்கப் பயன்படுத்தும் கருவிதான் சீட்டிங் டை. ஒரே ரைஃபிள், ஒரே புல்லட் என்று இருப்பவருக்கு ரெட்டிங் கம்பெனியின் இந்த மாடல் தேவையே இல்லை. சாதாரண டையை ஒருமுறை சரியாக வைத்து அதை அசையாமல் பிடிக்கும் லாக் ரிங்கை இறுக்கினால் வருஷக்கணக்கில் ஓடும். நான் .308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவில் மான் வேட்டைக்கு 150 கிரெயின் எடையுள்ள புல்லட், டார்கெட்டுக்கு 168 கிரெயின் என்று மாற்றி மாற்றிப் போடுகிறவன். ஒவ்வொரு முறையும் புல்லட்டைத் தள்ளும் தண்டான ஸ்டெம்மைக் குத்துமதிப்பாகத் திருகி, அளந்து, மறுபடி திருகி அலுத்துப்போய்த்தான் இதை வாங்கினேன்.

டையின் தலையில் ஆழத்தை மாற்றும் மைக்ரோமீட்டர். ஒரு கோடு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல் தோட்டாவை வேண்டுமென்றே நீளமாக விட்டுவிடுவேன். நீளம் அளக்கும் காலிப்பர் 2.825 அங்குலம் காட்டுகிறது, எனக்கு 2.800 வேண்டும் என்றால் 25 கோடு இறக்கினால் வேலை முடிந்தது. ஆனால் டையில் தெரியும் எண் தோட்டாவின் நீளம் இல்லை, வெறும் அடையாளம்தான். புல்லட் பெட்டி மாறினால் திரும்ப அளந்தே ஆகவேண்டும். அதுவும் முனையை வைத்து அளந்தால் குழப்பம்தான். டார்கெட்டுக்கான மேட்ச் புல்லட்டின் முனை ஒன்றுபோல் இருக்காது. ஸ்டெம் தொடுவதும் முனையை அல்ல, அதற்குக் கீழே உள்ள வளைவை. காலிப்பரில் முனையை விட்டு அந்த வளைவிலிருந்து அளக்கும் கம்பேரட்டர் மாட்டி அளந்தால்தான் டை எவ்வளவு சீராக வேலை செய்கிறது என்று தெரியும்.

எனக்கு மைக்ரோமீட்டரைவிடப் பிடித்தது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குழல். பித்தளைக் கூடு முழுசாக அதற்குள் போய் நிற்கிறது, புல்லட்டும் நேராக நிமிர்ந்துகொள்கிறது. அப்புறம்தான் ஸ்டெம் தள்ளவே ஆரம்பிக்கிறது. டை மாட்டிய பிரஸ்ஸின் லீவரில் கை வைத்தாலே அந்த வித்தியாசம் தெரியும்.

கோடு சுலபமாக நகர்கிறது என்பதற்காக இஷ்டத்துக்கு இறக்காதீர்கள். புல்லட் ஆழமாகப் போனால் கூட்டுக்குள் இடம் குறையும், அழுத்தம் ஏறும். ரீலோடிங் கையேட்டில் அந்தப் புல்லட்டுக்குச் சொன்ன நீளம்தான் ஆரம்பம். .308 தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 2.810 அங்குலம், அதைத் தாண்டினால் பல மேகசின்களில் நுழையாது.

இந்த ரைஃபிள் டையில் கிரிம்ப் வசதி, அதாவது கூட்டின் வாயைப் புல்லட்டோடு அழுத்தி இறுக்கும் வசதி, கிடையாது, வேண்டுமென்றால் தனி டைதான். காற்றுத் தடை குறைவான, நீண்ட ஊசிமுனை வி.எல்.டி. புல்லட் போடுகிறவர்கள் அதற்கான ஸ்டெம்மையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் புல்லட்டைச் சுற்றி மோதிரத் தழும்பு போல ஒரு கோடு விழலாம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: நான் இருப்பது டெக்சஸில். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது ஆயுதச் சட்டப்படி குற்றம்.