ரூபாய் வகுப்பா, டொலர் பாடமா?

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. இலங்கையில் ஆங்கிலம் கற்பிப்போர் பலருக்கு அப்போது எழுந்த கேள்வி: ஊர் வகுப்பா, ஒன்லைனா?

வருமானம்
ஊரில்: கட்டணம் கையில் வரும், விலைவாசி அதைத் தின்னும். ஆறு வாரத் தொகுதியாக முன்பணம் வாங்குங்கள்; நடுவில் கூட்டினால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், அடுத்த தொகுதியில் கூட்டலாம்.
ஒன்லைனில்: டொலர்தான், ஆனால் ஆசிரியரையும் மாணவரையும் இணைக்கும் பிரெப்லி தளம் ஒவ்வொரு புது மாணவரின் முதல் பாடத்தின் முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளும், பிறகு 33 சதவீதம், கற்பித்த மணிநேரம் கூடக்கூட 18 வரை இறங்கும். பேபாலில் இலங்கையிலிருந்து பணம் பெற முடியாது. பேயோனியர் போன்ற வழியை முதலிலேயே உறுதிசெய்யுங்கள்.

மின்வெட்டு
ஊரில்: பகல் வகுப்புக்கு யன்னல் வெளிச்சம் போதும்.
ஒன்லைனில்: ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் வேண்டும். 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடப்டரில் பார்த்து வாங்குங்கள். வெட்டு நீண்டால் கைபேசிக் கோபுர பற்றரியும் இறங்கும். அப்போது டேட்டாவும் கைகொடுக்காது.

மாணவர் தேவை
ஊரில்: பேச்சு ஆங்கிலத்தைத்தான் பெற்றோர் முதலில் நிறுத்துவார்கள். வெளிநாடு போக நினைப்பவர்கள் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க வருவார்கள். அதன் பேச்சுத் தேர்வு ஒருவருக்கு 11 முதல் 14 நிமிடம். 12 பேரைத் தனித்தனியே கேட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். சோடியாகப் பேசவிடுங்கள்.
ஒன்லைனில்: வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்கள் தன் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கற்பிக்க 2021 யூலையில் சீனா விதித்த தடையால் சீனச் சந்தை சுருங்கியது. போட்டி கடுமை.

வாடகையும் கடனும் தலைக்கு மேல் இருந்தால் ஊர் வகுப்பு. சில மாதம் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இருந்தால் ஒன்லைன்.