பிரதேச சபைக்கு எதிராக: நட்டஈட்டு வழக்கா, ரிட் மனுவா?

ஒழுங்கைக்குள் நீட்டிக் கட்டியது என்று சொல்லிப் பிரதேச சபை மதிலை இடித்துவிட்டால், போன மதிலுக்குக் காசு கேட்கும் இடம் மாவட்ட நீதிமன்றம். மதில் இன்னும் நிற்கிறது, இடிக்கச் சொல்லிக் கடிதம் மட்டும் வந்திருக்கிறது என்றால் அந்தக் கட்டளையை வறிதாக்க ரிட் மனு, அதாவது அதிகார அமைப்பின் முடிவு சட்டப்படியானதா என்று பார்க்கச் சொல்லி மேல் நீதிமன்றங்களில் போடும் மனு. ரிட்டில் வழமையாக நட்டஈடு கிடைக்காது.

எல்லையே தகராறு என்றால் ரிட் பக்கம் போகவேண்டாம். அங்கே சாட்சி விசாரணை இல்லை. சத்தியக்கடதாசியையும் ஆவணங்களையும் வைத்தே தீர்ப்பு. காணி உறுதி, நில அளவைப் படம், அளவையாளரின் சாட்சியம் எல்லாம் குடியியல் வழக்குக்குரியவை.

குடியியல் வழக்கில் ஆட்களை விழுத்துவது காலக்கெடு. தீங்கியல் (ஒருவர் இழைத்த தீங்குக்கான) நட்டஈட்டுக்கு இரண்டு வருடம். உள்ளூராட்சிச் சபைகளுக்கு எதிராக அவற்றின் சட்டங்களே மாதக் கணக்கில் அதைச் சுருக்குகின்றன. அதற்குள் ஒரு மாத முன்னறிவித்தலும் அடங்கவேண்டும். அரசுக்கு எதிரான வழக்கென்றால் பிரதிவாதி சட்டமா அதிபர்; குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவுப்படி அங்கேயும் ஒரு மாத அறிவித்தல். அமைச்சரையோ அரசையோ தடைக்கட்டளையால் நிறுத்தலாம் என்று நம்பி மாவட்ட நீதிமன்றம் போகாதீர்கள். பொருள்கோடல் கட்டளைச்சட்டத்தின் 24ஆம் பிரிவு அதற்கு இடம் விடாது. அவசரமாக நிறுத்துவதற்கு ரிட் மனுவில் கேட்கும் இடைக்காலக் கட்டளையே கைகொடுக்கும்.

ரிட்டில் முதலில் சறுக்குவது நீதிமன்றத் தெரிவில். மாகாண சபை நிரலில் (மாகாண சபைகளுக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில்) உள்ள விடயமென்றால், அரசியலமைப்பின் 154P(4) உறுப்புரைப்படி யாழ்ப்பாண மாகாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம். மற்றவை கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, 140ஆம் உறுப்புரையின் கீழ். 2013இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்குச் சுவீகரிப்பு அறிவித்தல் வந்தபோது காணிக்காரர் போனது கொழும்புக்குத்தான். அரச காணியை விட்டு வெளியேறச் சொல்லும் அறிவித்தலை மாகாண மேல் நீதிமன்றம் கையாள முடியாது என்று அதே வருடம் உயர் நீதிமன்றம் தீர்த்தது. உங்களுக்கு வந்த கடிதத்தில் சபைத் தவிசாளரின் கையொப்பம் இருந்தாலும், மேலே எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமென்றால், மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரமில்லை என்ற நியாயாதிக்க ஆட்சேபனை நிச்சயம் எழும்.

ரிட்டுக்கு எழுதிய காலக்கெடு இல்லை. ஆனால் காரணம் சொல்லாத தாமதமே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதும். சபைக்குச் செய்த மேன்முறையீட்டையோ பழைய வழக்கையோ மறைத்தாலும் அதே கதிதான். கட்டிட அனுமதியைத் தரச்சொல்லி ஆணை கேட்பதென்றால், முதலில் பதிவுத் தபாலில் எழுத்தில் கோரி, மறுப்பைக் கையில் எடுங்கள். தவிசாளரைப் பதவிப் பெயரோடு சொந்தப் பெயராலும் எதிர்மனுதாரராக்குங்கள். பதவியை மட்டும் குறிப்பிட்ட மனுக்கள் தோற்றிருக்கின்றன. ஆவணங்கள் மூலப்பிரதியாகவோ அத்தாட்சிப்படுத்திய பிரதியாகவோ இருக்கவேண்டும். சபைத் தீர்மானத்தின் பிரதி இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உடனே கேளுங்கள். தருவதா இல்லையா என்று முடிவெடுக்கவே அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு.

கட்டளையும் போகவேண்டும், காசும் வேண்டும் என்றால் ரிட்டை முதலில் போடுவது நல்லது. ஆனால் அது முடியட்டும் என்று நட்டஈட்டு வழக்கைப் பிற்போடாதீர்கள். காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.