மூங்கில் எலிப் படம் அச்சடிச்ச கடை

திருகோணமலை டவுணுக்குள்ள ஒரு பிரிண்டிங் கடையில என்ர வகுப்புப் பிள்ளைகளுக்கு மூங்கில் எலியின்ர சுவர்ப்படம் அடிப்பிச்சன். வேலை திறம். முக்கியமா முன்பற்கள்! அந்தச் செம்மஞ்சள் நிறம் கொஞ்சமும் வெளிறேல்லை. வாழ்நாள் முழுக்க வளர்ற பல். கடிச்சுக் கடிச்சுத்தான் தேயும். சுமாத்திரா, மலேசியா, தாய்லாந்துப் பக்கம் இந்த எலி மூங்கில் புதருக்குக் கீழ வளை தோண்டி, வேரை நிலத்துக்குள்ள இருந்தே தின்னும். பெரிய இனம் 4 கிலோ வரை வரும், எங்கட பெருச்சாளியைவிடப் பெரிசு. சின்னக் கண், மயிரில்லாத கட்டை வால் எல்லாம் படத்தில தெளிவு. பிள்ளையள் விட்டு விலகுறாங்களில்லை. லெமினேட் மட்டும் கடற்காத்துக்கு மூலையில கிளம்புது. தடிச்சதாக் கேட்டுப் போடுங்கோ. கடைத் தம்பி எழுத்துப்பிழையும் பார்த்துத் திருத்தித் தந்தவர்; ஆசிரியர்மார் நம்பிப் போகலாம்.