வீல்சேர் படம் போட்ட பார்க்கிங் யாருக்கு: கார்டுக்கா, கதவுக்கா?

யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் குடுக்குற அடையாள அட்டை, வெச்சிருக்குற எல்லாரும் அங்க வண்டி விடலாம்னு ஒரு கட்சி, வீல்சேர்ல வர்றவங்க மட்டும்தான்னு இன்னொரு கட்சி. அப்பாவ ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு அலையுறவன்ங்கிறதால நானும் என் பங்குக்கு சொல்றேன்.

கார்டு முறையில சண்டையே இல்ல, வாட்ச்மேன் கார்ட பாத்தா உள்ள விட்ருவாரு. ஆனா மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு. காது கேக்காதவருக்கும் கார்டு உண்டு, அவரு விறுவிறுன்னு நடந்து போயிடுவாரு, அவருக்கு எதுக்கு இந்த இடம்? கால் உடைஞ்சு மூணு மாசம் வாக்கரோட இழுத்து இழுத்து நடக்குறவர்கிட்டயோ கார்டே இருக்காது.

சிங்கப்பூர்ல வேற கணக்கு. வீல்சேர், வாக்கர் மாதிரி பெரிய சாமானோட ஏறி இறங்க அகலம் தேவைப்படுறவங்களுக்குத்தான் இந்த இடத்துல விடுறதுக்கான லேபிள், அதுலயும் தானே ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு, கூட்டிட்டு வர்ற வண்டிக்கு ஒண்ணு, இந்த ரெண்டாவதுக்கு ஏத்தி இறக்க ஒரு மணி நேரம்தான்.

இங்கிலாந்துல 2019 ஆகஸ்ட்ல இருந்து வெளிய தெரியாத குறைபாடுக்கும் ப்ளூ பேட்ஜ்ங்கிற பார்க்கிங் அனுமதி அட்டை வாங்கலாம், ஆட்டிசம், டிமென்ஷியா மாதிரி. பேட்ஜ் ஆளுக்குத்தான், காருக்கு இல்ல, அது நல்ல ஏற்பாடு.

எனக்கு சிங்கப்பூர் கணக்குதான் சரின்னு படுது. நம்ம ஊர் விதிப்படி இந்த இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்கணும், வாசல்ல இருந்து 30 மீட்டருக்குள்ள. அந்த அகலம் சும்மா குடுக்கல. கதவ முழுசா திறந்து, வீல்சேர சீட்டுக்கு சாய்வா நிறுத்தி, பிரேக் போட்டு, அப்பாவ அக்குள்ல கை குடுத்து தூக்கித் திருப்பி உக்கார வெக்கணும். ஒரு நாள் பக்கத்துல ஒருத்தர் ஒட்டி விட்டுட்டுப் போயிட்டாரு, கதவு ஒரு ஜாண்தான் திறந்துச்சு, அவரு வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் அப்பா வெயில்ல வீல்சேர்லயே உக்காந்திருந்தாரு. ஆட்டிசம் புள்ளைக்கு இந்த அகலம் வேணாம், வண்டிங்களுக்கு நடுவுல ஓடாம இருக்க வாசல் பக்கத்துல இடம் வேணும், அதுக்கு சாதா அளவுலயே நாலு இடம் தனியா ஒதுக்கிடலாமே.

அதவிட, ரெண்டு கட்சியும் மறந்த ஆளு ஒருத்தர் இருக்காரு. அரசாங்கம் குடுக்குற சைடு வீல் ஸ்கூட்டர்ல வர்றவரு. பைக் ஸ்டாண்டு சந்துல அது நுழையாது, கார் இடத்துல விட்டா விரட்டுறாங்க. போன வாரம் ஒருத்தர் ஜெனரேட்டர் ரூம் ஓரமா விட்டுட்டு, ரெண்டு கட்டையையும் ஊனிக்கிட்டு அந்த மொத்த பார்க்கிங்கையும் கடந்து வந்தாரு, வீல்சேர் படத்து மேல ஒரு பெரிய கார் நின்னுச்சு.