கடைசி நாவலை இரண்டு படமாகப் பிரிக்கலாமா?

இளையோர் நாவல் தொடர் ஒன்றின் கடைசிப் புத்தகத்தை ஒரே படமாக எடுப்பதா, இரண்டாகப் பிரிப்பதா? 2010க்குப் பிறகு சில ஆண்டுகள் ஹாலிவுட் இதற்கு யோசிக்காமலேயே 'இரண்டு' என்றது. ஆரம்பித்து வைத்தது ஹாரி பாட்டர். 'டெத்லி ஹாலோஸ்' முதல் பாகம் 2010 நவம்பரிலும் இரண்டாம் பாகம் 2011 ஜூலையிலும் வந்தன. இரண்டாம் பாகம் மட்டும் உலக அளவில் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதைப் பார்த்தபின் யார்தான் சும்மா இருப்பார்கள்?

ஆனால் அந்தப் பிரிவு சரியாக அமைந்ததற்குக் காரணம் புத்தகத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் பதிப்பில் 607 பக்கம். முதல் பாதியில் பள்ளிக்கூடமே கிடையாது. ஹாரியும் இரண்டு நண்பர்களும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஒளிந்து திரிகிறார்கள். அடுத்த பாதி கொள்ளை, முற்றுகை, போர். இரண்டுக்கும் வேகமே வேறு. அதனால் முதல் பாகம் நிதானமாக மூச்சு விட முடிந்தது. அந்த நண்பர்களில் ஒருத்தியான ஹெர்மயனி தன் பெற்றோரின் நினைவிலிருந்து தன்னையே அழிக்கும் காட்சி நாவலில் போகிறபோக்கில் சொல்லப்படும் விஷயம். படத்தில் சுவரிலும் அலமாரியிலும் உள்ள குடும்பப் புகைப்படங்களிலிருந்து அவள் உருவம் ஒவ்வொன்றாக மறைகிறது. ஒரே படமாக எடுத்திருந்தால் முதலில் கத்தரி விழுந்திருக்கும் இடம் இதுதான். ஹாரிக்கு உதவும் டாபியின் மரணத்துக்குப் பின் வில்லன் வால்டமோர்ட் மிக வலிமையான மந்திரக்கோலைக் கைப்பற்றுவதோடு நிறுத்தியதும் நல்ல தேர்வு: ஒரு இழப்பு முடிகிறது, ஒரு ஆபத்து தொடங்குகிறது.

'ட்விலைட்' தொடரின் 'பிரேக்கிங் டான்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாயகி பெல்லா இரத்தக்காட்டேரியாக மாறிச் சிவந்த கண்களைத் திறக்கும் இடத்தில் வெட்டியது பொருத்தம்தான். ஆனால் இரண்டாம் பாகத்துக்கு உச்சக்கட்டம் வேண்டும் என்பதற்காக நாவலில் நடக்காத ஒரு போரை, வெறும் முன்காட்சியாக, காட்ட வேண்டியதாயிற்று.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது 'ஹங்கர் கேம்ஸ்' தொடரின் 'மாக்கிங்ஜே'. சுமார் 400 பக்க நாவல் அது. நாயகி காட்னிஸ் போராளிகளின் பிரசாரக் கருவியாக மாற்றப்படுவதில் தொடங்கி, அந்தப் போரையே அவள் சந்தேகிப்பதில் போய் முடியும் ஒரே கோடு. அதை நடுவில் அறுத்தபோது முதல் பாகத்துக்குக் கிடைத்தது கேள்வி மட்டும்தான். பதில் ஒரு வருஷம் கழித்து வந்தது. அணையை நோக்கி மக்கள் பாடிக்கொண்டே நடக்கும் காட்சி போல அருமையான இடங்கள் முதல் பாகத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் முந்தைய படம் 86 கோடி டாலர் எடுத்த இடத்தில் முதல் பாகம் சுமார் 75, இரண்டாம் பாகம் சுமார் 65 என்று இறங்கியது. இயக்குநர் ஃபிரான்சிஸ் லாரன்ஸே 2023இல், பிரித்ததற்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்கும் மோசமான கதி 'டைவர்ஜென்ட்' தொடருக்கு. முதல் இரண்டு நாவல்களையும் நாயகி ட்ரிஸ் ஒருத்தியே சொல்கிறாள். மூன்றாவதான 'அலீஜியன்ட்'டை அவள் காதலன் டோபையாஸும் சேர்ந்து சொல்கிறான். ஏன் என்பது ட்ரிஸ் இறக்கும்போதுதான் புரியும். மொத்த நாவலும் அந்த இடத்தை நோக்கித்தான் போகிறது. 2016இல் வந்த படமோ அங்கே போகவே இல்லை. அதை அடுத்த பாகத்துக்கு வைத்துக்கொண்டது. ஆனால் இந்தப் படம் 18 கோடி டாலரோடு நின்றுவிட, அடுத்த பாகத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றலாம் என்று பேசினார்கள். அப்புறம் அதுவும் கைவிடப்பட்டது. மூன்று படங்களுக்கும் டிக்கெட் வாங்கியவருக்குக் கதையின் முடிவு இன்றுவரை திரையில் கிடைக்கவில்லை. ஹாரி பாட்டர், ட்விலைட், ஹங்கர் கேம்ஸ் மூன்றிலும் இரண்டு பாகங்களையும் சேர்த்தே படம்பிடித்திருந்தார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. முதலில் வசூல், பிறகு முடிவு என்று வைத்தால் ரசிகருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு நேர் எதிர் 'மேஸ் ரன்னர்' தொடரின் 'டெத் க்யூர்'. நாயகன் டிலன் ஓப்ரையன் படப்பிடிப்பில் பலத்த காயமடைந்ததால் தள்ளிப்போய் 2018 ஜனவரியில்தான் வெளியானது. அத்தனைக்கும் பிறகும் இயக்குநர் வெஸ் பால் அதை ஒரே படமாகவே முடித்தார். நாவலில் இல்லாத ஒரு ரயில் மீட்போடு தொடங்குகிறது, நாயகனின் நண்பன் நியூட்டின் மரணம் நாவலில் நடப்பது போல இல்லை, நிறைய போய்விட்டது. நாவலின் தீவிர ரசிகர்களுக்குக் குறை இருக்கும், நியாயம்தான். ஆனால் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் எல்லோருடைய கதையும் ஒரு கரை சேர்ந்தது. வசூலும் 28 கோடி டாலருக்கு மேல்.

எனவே என் ஓட்டு ஒரே படத்துக்குத்தான். பிரிக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு நிபந்தனைகள்: முதல் பாதிக்கு அதற்கே உரிய ஒரு முடிவு புத்தகத்தில் இருக்க வேண்டும், இரண்டு பாகங்களும் சேர்த்தே படமாக்கப்பட வேண்டும். நான் பார்த்தவரை 'டெத்லி ஹாலோஸ்' இரண்டிலும் முழுசாகத் தேறுகிறது, 'பிரேக்கிங் டான்' பாதி தேறும். லாரன்ஸும் அதே 2023இல் வந்த ஹங்கர் கேம்ஸ் முன்கதையை, பெரிய நாவலாக இருந்தும், 157 நிமிடத்தில் ஒரே படமாகவே கொடுத்தார்.