லிட்டிகேஷன் லோன்: கையெழுத்துப் போடும் முன்

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் விவாகரத்துச் சொத்து வழக்கு நடத்துபவர்களுக்கென்றே கடன் (லிட்டிகேஷன் லோன்) கொடுக்கும் நிறுவனங்கள் உள்ளன. சொத்தெல்லாம் கணவர் பெயரில், மனைவி கையில் ரொக்கமில்லை என்ற நிலையில் இந்தச் சேவை உண்மையிலேயே கைகொடுக்கும். பெரும்பாலும் வழக்கு முடியும்வரை தவணை கிடையாது; சொலிசிட்டரின் (வழக்கைக் கவனிக்கும் வக்கீலின்) பில்லை நிறுவனமே கட்டிவிட்டு, கடைசியில் கிடைக்கும் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். வசதியில் குறையில்லை. ஆனால் முதல் வழியாக இதைப் பிடிக்காதீர்கள்.

காரணம் வட்டி. உதாரணமாக 1,00,000 பவுண்டை மொத்தமாக எடுத்து, ஆண்டுக்கு 18% வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்தால், ஒன்றரை ஆண்டில் கடன் சுமார் 1,30,700 பவுண்டு. அதுவே 12% என்றால் 1,19,600. ஏற்பாட்டுக் கட்டணம் இருந்தால் அது தனி. இவ்வகை வழக்குகளில் அவரவர் செலவு அவரவருக்கு என்பதே பொது விதி. எதிர்த்தரப்பு இந்த வட்டியைக் கட்டும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டால் நம் பங்குதான் கரையும்.

முதலில் கேட்க வேண்டியது, வக்கீல் செலவை எதிர்த்தரப்பு தரவேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு. 1973 மண வழக்குகள் சட்டத்தின் 22இசட்ஏ பிரிவு இதற்கு வழி செய்கிறது. இந்தப் பிரிவு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நியாயமான கடன் கிடைக்கவில்லை என்றும், வரப்போகும் சொத்தை ஈடாகக் காட்டினாலும் வக்கீல் வைக்க முடியாது என்றும் காட்ட வேண்டும். பெயருள்ள இரண்டு கடன் நிறுவனங்கள் மறுத்ததற்கான சான்று பொதுவாகப் போதும் என்று 2014 ரூபின் வழக்கில் நீதிபதி மாஸ்டின் சொன்னார். ஈடு பற்றிய இரண்டாவது நிபந்தனைக்கு, ஈட்டின் பேரில் வேலை செய்ய மாட்டோம் என்று உங்கள் சொலிசிட்டர் எழுதித் தரும் கடிதம் பொதுவாகப் போதும். கடன் கிடைத்தாலும் வட்டி மிக அதிகமென்றால், பிற்பாடு கோர்ட் உத்தரவிட்டால் அந்த வட்டியைக் கட்டுவதாக எதிர்த்தரப்பு உறுதி கொடுத்தாலொழிய, அதை எடுக்கச் சொல்வது நியாயமல்ல என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. ஆக, கடன் நிறுவனத்தின் மறுப்புக் கடிதமும் வட்டி விவரமும்கூட நமக்கு ஆதாரம்தான். பத்திரமாக வையுங்கள்.

இந்த உத்தரவுக்கான விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் செலவு மதிப்பீட்டில். 'மொத்தச் செலவு இவ்வளவு' என்று ஒரே வரியில் எழுதினால் நிற்காது. சமரச விசாரணை வரைக்கும் எந்த வேலைக்கு எத்தனை மணிநேரம், யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். உத்தரவு பெரும்பாலும் மாதத் தவணையாகவே வரும். பழைய பில் பாக்கியைச் சேர்த்தால் நீதிபதி தயங்குவார்.

இடைக்கால ஜீவனாம்சம் வேறு கணக்கு. வக்கீல் செலவை இப்போது அதில் நுழைக்க முடியாது. சொத்து, வருமான விவரங்களைக் கோர்ட்டுக்குக் காட்டும் ஃபார்ம் இ-யில் எழுதிய நீண்டகால பட்ஜெட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வழக்கு முடியும்வரைக்கான மாதச் செலவு மட்டும் தனியாக வேண்டும். வீட்டைப் புதுப்பிப்பது அதில் வராது. எதிர்த்தரப்பு வருமானத்தை மழுப்பினால் பயப்பட வேண்டாம், அவரால் கொடுக்க முடியும் என்று நீதிமன்றம் துணிந்து அனுமானிக்கலாம்.

எல்லாம் பார்த்தும் கடன்தான் வழி என்றால், முழுத் தொகையையும் எடுக்காமல் பில் வரவர எடுங்கள். எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டியா, வழக்கு இழுத்துக் கெடு தாண்டினால் வட்டி ஏறுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.