கீன் குழுவோடு இருபது வருடம்

கீன் என்ற இசைக் குழுவை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு நண்பன் இரவல் கொடுத்த சிடி. 2004-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம், 'ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்'. இங்கிலாந்தில் கிழக்கு சசெக்ஸ் பக்கம் பேட்டில் என்ற சின்ன ஊர்க்காரர்கள் இவர்கள். கிட்டார் வாசித்தவர் 2001-இல் விலகிய பிறகு வேறு ஆள் தேடாமல், பியானோவை வைத்தே ராக் இசை செய்தார்கள். 'சம்வேர் ஒன்லி வி நோ' தொடங்கும்போது ஒரே சீராகத் தட்டி விழும் அந்தப் பியானோவைக் கேட்டால் இன்றும் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும்.

ஆனால் இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்டது 2006-இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'அண்டர் தி அயர்ன் சீ'யைத்தான். 'இஸ் இட் எனி வொண்டர்' பாட்டின் ஆரம்பத்தில் கீச்சிட்டுக்கொண்டு வருவது கிட்டார் என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அதுவும் பியானோதான், ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடல் வழியாக வருகிறது என்று தெரிந்த அன்று அந்தப் பாட்டை மட்டும் ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன்.

அதைவிட என்னைப் பிடித்து வைத்தது வேறொன்று. பாட்டு எழுதுவது பெரும்பாலும் டிம் ரைஸ்-ஆக்ஸ்லி, பாடுவது டாம் சாப்ளின். இருவரும் சிறுவயது நண்பர்கள். அந்த ஆல்பம் உருவான சமயத்தில் அவர்களுக்குள் விரிசல். அதைப் பற்றியே டிம் எழுதினார், டாம் பாடினார். தன் மேல் நண்பனுக்கு உள்ள வருத்தத்தைத் தானே பாடுவது எவ்வளவு கஷ்டம்! ஆல்பம் வந்த சில வாரங்களில் டாம் குடி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கப் போனார். இது தெரிந்த பிறகு அந்தக் குரல் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

பிறகு வந்த ஆல்பங்களில் 'பர்ஃபெக்ட் சிமெட்ரி' எனக்கு ஒட்டவில்லை, சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலி அதிகம். 'ஸ்ட்ரேஞ்ச்லேண்ட்' இதமானது, கார் பயணத்துக்கு நல்லது. 2013-இல் இடைவெளி விட்டவர்கள், 2019-இல் 'காஸ் அண்ட் எஃபெக்ட்' ஆல்பத்தோடு திரும்பினார்கள். அதில் இருப்பது டிம்மின் மணமுறிவு வலி. இந்த முறையும் பாடியது டாம்தான்.

புதிதாகக் கேட்கிறவர்கள் இரண்டாவது ஆல்பத்தில் தொடங்குங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.